ஆயாவின் சனிக்கிழமை வேலைகளும் பேரப்பிள்ளைகளும்: நிறுத்துவதா, மாற்றுவதா?

வெஸ்ட்கிளிஃப்_மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சில வாரங்களாக ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு பேச்சைப் பற்றி உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

என் தாயாருக்கு வயது 73. 1960களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து எங்கள் குடும்பம் அப்புறப்படுத்தப்பட்டபோது, அதே நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒதுக்கப்பட்ட அதே வீட்டில் இப்போது தனியாக வசிக்கிறார். நானும் கணவரும் உம்ஷ்லாங்கா பக்கம் வேலை பார்க்கிறோம். சனிக்கிழமை காலையில் 13 வயது மகளையும் 8 வயது மகனையும் அம்மாவிடம் விட்டுவிட்டு மாலையில் அழைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் பிள்ளைகள் அந்த வீட்டில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. முதலில் கடைக்குப் போய் மின்மீட்டருக்கு முன்பணச் சீட்டு (முன்கூட்டியே பணம் கட்டி, மீட்டரில் அழுத்த வேண்டிய எண்கள் அச்சிட்ட சீட்டு) வாங்குவார்கள். பிறகு பங்களாதேஷ் மார்க்கெட் என்ற உள்ளூர்ச் சந்தையில் காய்கறி, அதன்பின் மருந்தகம். அங்கிருந்து உடல்நலமில்லாத யாரையாவது பார்க்க ஒரு வீடு, அந்த வாரம் துக்கம் நேர்ந்திருந்தால் இன்னொரு வீடு, வரும் வழியில் கோயில் என்று சுற்றிவிட்டு வீடு திரும்பப் பிற்பகலாகிவிடுகிறது.

இப்படி வெயிலில் அலைவது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல, அம்மாவின் முழங்காலுக்கும் நல்லதல்ல என்பது என் கணவரின் கருத்து. கைப்பேசியில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்தில் பொருள்கள் வாசலுக்கு வந்துவிடும்போது, அந்த நேரத்தில் மூவரும் உட்கார்ந்து பேசலாமே என்கிறார். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். அம்மாவோ, “எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டால் நான் எதற்காக வாசலைத் தாண்டுவது?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறார். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குப் புரியவில்லை.

டொங்காட்_வாசி எழுதியது:

அம்மாவின் பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மாதக்கணக்கில் குழாயில் நல்ல தண்ணீர் வராதபோது, தண்ணீர் வண்டி எந்தத் தெருமுனைக்கு எப்போது வரும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், யாருக்குக் குடம் தூக்க ஆள் இல்லை என்பதெல்லாம் எங்கள் தெருவில் என் மாமியாருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியவில்லை. கடைக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து வந்த அறிவு அது. அவரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அந்தத் தெருவில் எந்தக் கதவையும் தட்டும் உரிமை இருக்கிறது.

லெனேசியா_அப்பா எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் செய்வதெல்லாம் சிறப்பு என்று சொல்லிவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மையார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அவர்களோடு நேரம் கழிக்கவா, அல்லது காய்கறிப் பையைத் தனியாகத் தூக்க முடியாததாலா என்பதை யாராவது அவரிடம் கேட்டீர்களா? எங்கள் தாயார் இரண்டு ஆண்டுகள் என் அண்ணன் மகனைச் சனிக்கிழமைதோறும் உடன் அழைத்துச் சென்றார். “பையன் ஆசைப்படுகிறான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் அவருக்குத் தோள்பட்டையில் தாங்க முடியாத வலி. உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைவாக இருந்ததால் பேரனைக் கூப்பிட்டிருக்கிறார். பையனோ அந்த நேரத்தில் கிரிக்கெட் பயிற்சிக்குப் போக வேண்டியவன். இருவருமே ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. மாதத் தொடக்கத்தில் முதியோர் உதவித்தொகை வரும் நாளில் பணம் எடுக்கும் இயந்திரங்களின் முன் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அந்த வரிசையில் யார் யார் கையில் பணம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அந்த இடத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை?

மூன்றாவது, துக்க வீடு. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எட்டு வயது என்பது எட்டு வயதுதான்.

ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

லெனேசியாக்காரர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தெரியும்வரை மற்றவை எல்லாம் வெறும் வாதமாகவே இருக்கும். ஆனாலும் வேலைகளை ஒட்டுமொத்தமாக நிறுத்துவதா, தொடர்வதா என்று பேசுவதைவிட ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லா வேலையும் ஒரே தன்மையுடையதல்ல.

மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் நோயாளிகள், மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் விடியற்காலையிலிருந்து காத்திருக்கத் தேவையில்லாதபடி, பொதியாகக் கட்டி வைக்கப்பட்ட மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்திலோ பொது மண்டபத்திலோ பெற்றுக்கொள்ளும் திட்டம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்லாப் மெட்ஸ் என்ற பெயரில் பலர் அதை அறிந்திருப்பீர்கள். உங்கள் தாயார் மருந்தகத்துக்குப் போவதாக எழுதியிருப்பதைப் பார்த்தால், அநேகமாக அதில் ஏற்கெனவே சேர்ந்திருப்பார். இல்லையென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். மருந்து வாங்கும் நாளில் பிள்ளைகள் உடனிருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். பதின்மூன்று வயதுப் பெண் பொதியில் இருக்கும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒருமுறை வாசித்துவிட்டால், ஆயா எந்த வேளைக்கு எதை விழுங்குகிறார் என்பது குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரிந்ததாகிறது. நான் பணியில் இருந்த காலத்தில் மயக்கமாகக் கொண்டுவரப்பட்ட முதியவர்களின் பிள்ளைகளிடம், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால், “அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை” என்றுதான் பதில் வரும். சின்ன வெள்ளை மாத்திரைகள் எத்தனை இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியாது.

உதவித்தொகை வேறு விஷயம். 60 வயது நிறைந்து, வருமானச் சோதனையிலும் தகுதி பெற்றவர்களுக்கு அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாஸா வழங்கும் தொகை 2025 ஏப்ரலில் 2,315 ராண்டாக உயர்ந்தது. 75 வயதைக் கடந்தவர்களுக்கு அதற்கு மேல் 20 ராண்ட் கூடுதல். தொகை கணக்கில் விழுந்த பிறகு அது எங்கும் ஓடிவிடாது. முதல் நாளே எடுத்தாக வேண்டும் என்ற எண்ணம், பணத்தை நேரில் கொடுத்துவந்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கம். கூட்டம் வடிந்த பிறகு, பெரிய பல்பொருள் அங்காடியில் பொருள் வாங்கும் மேசையிலேயே தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இல்லாத நாளில், உங்களில் ஒருவர் உடன் சென்று இதை முடித்துவிடுங்கள். அட்டையின் இரகசிய எண்ணைப் பேரனிடம் சொல்லி அழுத்தச் சொல்லும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். பேரன் மீது சந்தேகம் என்று யாரும் கோபிக்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டேதான் அழுத்துவான்.

ஃபீனிக்ஸ்_ஆயா எழுதியது:

இங்கே எல்லோரும் ஆயாக்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஓர் ஆயாவே எழுதினால் என்ன என்று தோன்றியது. எனக்கு நான்கு பேரப்பிள்ளைகள், இரண்டு முழங்கால்களிலும் வலி.

பையைத் தூக்க ஆள் வேண்டும் என்பதற்காகவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. அதில் எனக்கு வெட்கம் இல்லை. என் ஆயா கரும்புத் தோட்டத்துப் பாதையில் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான்தான் அரிசிப் பையின் ஒரு முனையைப் பிடித்தேன். பிள்ளைகளின் கையில் ஒரு வேலையும் கொடுக்காமல், உட்கார், பேசு என்றால் என்ன பேசுவார்கள்? பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன், நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் மேசையில் கட்ரா பீன்ஸைக் கொட்டி உரிக்க உட்காரவைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட அந்தத் தோலை உரிக்க இரண்டு கையும் வேண்டும், ஆகவே கைப்பேசியைத் தானாகவே கீழே வைத்துவிடுவார்கள். பாதிக் கிண்ணம் நிறைவதற்குள், வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை, ஆசிரியர் எதற்காகத் திட்டினார், அம்மாவும் அப்பாவும் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்பது உட்பட எல்லாம் வெளியே வந்துவிடும். (பெற்றோர்கள் கவனத்துக்கு.)

மார்க்கெட் விஷயமும் சொல்கிறேன். மடும்பிக் கிழங்கு விற்கும் சுலு அம்மாவிடம் நான் பல ஆண்டுகளாக அரைகுறைச் சுலுவில்தான் பேரம் பேசி வருகிறேன். அவர் எனக்கு அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பள்ளியில் சுலு படிக்கும் என் பேத்தி ஒருநாள், “ஆயா, நீங்கள் அவரை மரியாதையில்லாமல் பேசுகிறீர்கள், வயதில் பெரியவரிடம் அப்படிச் சொல்லக்கூடாது” என்று எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திருத்தினாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தருவதைவிட ஒரு கிழங்கு கூடுதலாக என் பேத்தியின் பையில் போடுகிறார். பாடப்புத்தகத்தில் படித்ததற்கு ஒரு மனிதர் முன்னால் நின்று பதில் சொல்வதை அவள் முதல்முறையாகப் பார்த்த இடம் அந்த மார்க்கெட்தான்.

தனியாக இருக்கும் கிழவிக்கு வாரம் முழுவதும் ஒரு காரணம் வேண்டும். சனிக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் வியாழக்கிழமையே பட்டியல் எழுதத் தொடங்கிவிடுவேன். அவர்கள் வரும்போது நான் சோபாவில் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

வெஸ்ட்கிளிஃப்_மகள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. லெனேசியா ஐயா கேட்ட கேள்வியை அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, உருளைக்கிழங்கும் அரிசியும் எண்ணெயும் தூக்குவதுதான் சிரமம், மற்றபடி ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆகவே நீங்கள் சொன்னது பாதி உண்மை, ஐயா.

மகனிடமும் தனியாகக் கேட்டேன். அவனுக்கு மருந்தகம் பிடிக்காது, யார் வீட்டிலாவது போய் உட்காருவது அறவே பிடிக்காது, ஆனால் மின்மீட்டர் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டானாம். முன்பணச் சீட்டில் இருபது எண்கள், நான்கு நான்காக ஐந்து தொகுதிகளாக அச்சாகி வரும். மீட்டர் சமையலறையில் கதவுக்கு மேலே இருக்கிறது. அக்கா நாற்காலியில் ஏறி நின்று அழுத்த, இவன் கீழே நின்று ஒவ்வொரு தொகுதியாக வாசிப்பான். தவறினால் முதலிலிருந்து. 2024 நவம்பர் 24-க்குள் நாடு முழுவதும் முன்பண மீட்டர்களை இருபது எண்களைக் கொண்ட இரண்டு குறியீடுகளால் புதுப்பிக்க வேண்டியிருந்ததே, அப்போது அம்மா இருவரையும் தெருவில் கண் தெரியாத முதியவர்களின் வீடுகளுக்கெல்லாம் அழைத்துப் போயிருக்கிறார். அந்த வீடுகளில் இவன் பெயர் இன்றும் “மீட்டர் தம்பி”. இது எனக்கு இதுவரை தெரியாது.

துக்க வீட்டைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை.

நடத்துநர் எழுதியது:

சிலர் தங்கள் பெற்றோரின் தெருப் பெயரையும் பணம் எடுக்கும் கடையின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை. விவாதம் தொடரட்டும்.

மேரிட்ஸ்பர்க்_ஆசிரியர் எழுதியது:

துக்க வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். உடல் வீட்டில் கிடத்தப்பட்டிருக்கும் நாளில், அழுகை உச்சத்தில் இருக்கும்போது எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் அதன்பிறகு பதினாறாம் நாள் சடங்குவரை எத்தனையோ மாலைகள் இருக்கின்றன. அந்த நாள்களில் அந்த வீட்டில் நடப்பது பெரும்பாலும் தேநீர், இறந்தவரைப் பற்றிய நினைவுகள், நடுவில் எப்படியோ வந்துவிடும் சிரிப்பு, பதினாறாம் நாள் சமையலுக்கு யார் பாத்திரம் தருவது என்ற ஏற்பாடு, இவ்வளவுதான். அங்கே பிள்ளைகள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கொடுப்பார்கள், செருப்புகளை ஒதுக்கி வைப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு வாசலில் விளையாடுவார்கள். தாத்தாவை இழந்த ஒரு சிறுவனுக்குத் தன் வயதுப் பையன் ஒருவன் பந்தோடு வருவதைவிட வேறு யார் வருவது ஆறுதலாக இருக்கும்?

அழைத்துச் செல்வதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் மழுப்பி அழைத்துச் சென்றால், அந்த வீட்டில் முதல் ஐந்து நிமிடத்திலேயே உண்மை தெரிந்துவிடும். பொய் சொன்னவர்கள் நாம் என்பதும் தெரிந்துவிடும். போனபின் அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று ஆயாவிடமும் பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் கடினம்.

வளர்ந்த_பேரன் எழுதியது:

இந்த இழையில் இதுவரை பேரப்பிள்ளைகள் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு வயது 26. என் ஆயாவோடு இசிபிங்கோவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சுற்றியவன்.

உண்மையைச் சொன்னால், பெரும்பகுதி சலிப்பாகவே இருந்தது. தையற்கடையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்ததும், சலூனுக்கு வெளியே அவர் யாரோடோ பேசி முடிக்கும்வரை சட்டையைப் பிடித்து இழுத்ததும் நினைவிருக்கிறது. அப்போது யாராவது என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பதினான்கு வயதில் நானே வரமாட்டேன் என்று சொன்னேன். ஆயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் தங்கையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வரமாட்டேன் என்று சொல்ல என்னை விட்டதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன், ஏனென்றால் இழுத்துக்கொண்டு போயிருந்தால் அதன்பிறகு வீட்டுக்குக்கூடப் போயிருக்கமாட்டேன். சில மாதங்களுக்குப் பின் புரட்டாசி வந்தது. மாதம் முழுக்க விரதம் என்பதால் காய்கறிப் பை இரட்டிப்பாகும் என்று தெரிந்து, நானாகவே ஒரு சனிக்கிழமை போய் நின்றேன்.

ஆகவே அந்தப் பதின்மூன்று வயதுத் தங்கையைக் கேளுங்கள். இழை முழுவதும் தம்பியைப் பற்றியே பேசியிருக்கிறோம். விட்டுவிட வேண்டும் என்று அவள் நினைத்தால், ஆயாவின் மனம் புண்படும் என்று பயந்து சொல்லாமல் இருக்கலாம்.

லெனேசியா_அப்பா எழுதியது:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். தம்பி என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

ஃபீனிக்ஸ்_ஆயா எழுதியது:

தையற்கடையில் கால் ஆட்டிக்கொண்டு உட்காருவதுகூட ஒரு பயிற்சிதான், தம்பி. காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஆனால் வரமாட்டேன் என்று சொன்னவனை விட்டுவிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மூத்த பேத்தி போன ஆண்டு நின்றுவிட்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதை அவளிடம் காட்டவில்லை.

வெஸ்ட்கிளிஃப்_மகள் எழுதியது:

கடைசியாக எப்படி முடிவு செய்தோம் என்பதை எழுதிவிடுகிறேன், கருத்துச் சொன்னவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

அரிசி, எண்ணெய், உருளைக்கிழங்கு, சோப்பு போன்ற கனமான பொருள்களை மாதம் ஒருமுறை என் கணவர் கைப்பேசி வழியாகப் பதிவு செய்து அம்மாவின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அம்மா இதற்கு ஒப்புக்கொண்டார், ஆனால் பருப்பும் மசாலாவும் அந்தப் பட்டியலில் வரக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கமாட்டாராம். உதவித்தொகையை மாத முதல் வாரம் கழிந்தபின் வேலை நாளில் நான் உடன் சென்று எடுத்துத் தருகிறேன். அன்றைக்கே முதியோருக்கான சொத்துவரித் தள்ளுபடி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நகராட்சியின் சேவை மையமான சிசகாலா மையத்துக்கும் போய்வரப் போகிறோம். அம்மா அதை வெகு நாளாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்.

மகள் தொடர்ந்து போக விரும்புகிறாள், ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோழிகளுக்காக வேண்டும் என்று கேட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. மகனுக்கு மருந்தகத்திலிருந்து விடுதலை, அந்த நேரத்தில் அவன் எதிர் வீட்டில் விளையாடலாம். மார்க்கெட்டுக்கும் மீட்டருக்கும் கோயிலுக்கும் அவன் வருவான். துக்க வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாள் தவிர்த்து, அரை மணி நேரம் என்று ஆசிரியர் சொன்ன வரம்பை அம்மாவிடம் சொன்னேன். “அரை மணியில் தேநீரே வராதே” என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிவாகியிருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. சக்கரம் வைத்த காய்கறிப் பை ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். வெஸ்ட்கிளிஃப் ஏற்றத்தில் மார்க்கெட்டிலிருந்து வீடுவரை இழுத்து வர வேண்டும், நடைபாதை பல இடங்களில் உடைந்திருக்கிறது. சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்று தோன்றுகிறது. பெரிய சக்கரம் உள்ளதைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால், அதை டர்பனில் எங்கே வாங்கலாம், படிக்கட்டில் ஏற்றுவது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

டொங்காட்_வாசி எழுதியது:

மூன்று சக்கரம் சேர்ந்து சுழலும் வகை ஒன்று உண்டு, படிக்கட்டில் அதுதான் ஏறும். என் மாமியார் அதைத்தான் வைத்திருக்கிறார். பங்களாதேஷ் மார்க்கெட்டிலேயே வீட்டுச் சாமான் விற்பவர்களிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். விலையைப் பேச உங்கள் அம்மாவை அனுப்புங்கள், நீங்கள் போகாதீர்கள்.